திருத்தலப் பயணமும் இரயில் சீட்டும்: பிரிப்பதா, சேர்ப்பதா?

காசிக்கும் இராமேசுவரத்திற்கும் கால்நடையாகச் சென்று வந்த காலத்தில், பயணம் புறப்படுவோர் உற்றார் உறவினரிடம் விடைபெற்று, கட்டுச்சோறு சுமந்து, வழியில் சத்திரம் சத்திரமாகத் தங்கிச் சென்றனர். இன்று அந்நெடுவழியை இரயில் வண்டி இரண்டு மூன்று நாள்களில் கடந்து விடுகிறது. காலின் வருத்தம் குறைந்தது. கைப்பொருளின் கணக்கோ பெரிதாயிற்று. ஓய்வூதியமோ மக்கள் அனுப்பும் சிறு தொகையோ கொண்டு வாழும் முதியோர்க்கு, இறைவனைக் காண வேண்டும் என்னும் விழைவைக் காட்டிலும், சீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்னும் கவலையே முன்னே வந்து நிற்கிறது.

இக்கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அறுபது வயது நிரம்பிய ஆடவர்க்கு 40 விழுக்காடும், ஐம்பத்தெட்டு வயது நிரம்பிய மகளிர்க்கு 50 விழுக்காடும் இரயில் கட்டணத்தில் சலுகை வழங்கப்பட்டு வந்தது. 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தப்பட்டது. பெருந்தொற்று நீங்கிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அச்சலுகை திரும்ப அளிக்கப்படவில்லை. மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட சில நோயாளிகள், மாணவர்கள் ஆகியோர்க்கான சலுகைகள் மட்டும் தொடர்ந்தன. முதியோர்க்கு எஞ்சியது கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஒன்றே. அதுவும் வசதியே அன்றிக் கட்டணக் குறைப்பு ஆகாது. ஆதலின், விதிகளை அறிந்து சீட்டு வாங்குவதே மூத்தோர்க்கு எஞ்சியுள்ள சிக்கன வழி எனலாம்.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை முதலில் நீக்க வேண்டும். இங்கிலாந்தில் வாழும் மக்களும் பேரர்களும் ஊருக்கு வரும்போது, "அங்கெல்லாம் ஒரே பயணத்தை இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்து வாங்கினால் விலை குறையும், நீங்களும் அவ்வாறு செய்யுங்கள்" என்று பெரியோர்க்குச் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது அந்நாட்டளவில் மெய்யே. இலண்டனிலிருந்து பிரிஸ்டல் நகருக்கு ஒரே சீட்டாக வாங்குவதினும், இடையிலுள்ள டிட்காட் நிலையம் வரை ஒன்றும் அங்கிருந்து பிரிஸ்டலுக்கு மற்றொன்றுமாக வாங்குவது மலிவாக அமையும் வேளைகள் உண்டு. அந்நாட்டின் கட்டணம் தூரத்தை மட்டும் பார்த்து அமைவதன்று. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு இவ்வளவு என்று ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியே விலை குறிக்கப்படுகிறது. நெரிசல் வேளைக்கு ஒரு விலை, பிற வேளைக்கு மற்றொரு விலை என்பதும் உண்டு. பகுதிகளின் கூட்டுத்தொகை முழுமையினும் குறைந்து விடுவதற்கு இதுவே காரணம். சீட்டைப் பிரித்தவர் இடை நிலையத்தில் இறங்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வண்டி அந்நிலையத்தில் நின்று செல்வதாக இருத்தல் வேண்டும். ஏறத்தாழப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்னரே விற்பனைக்கு வரும் முன்பதிவுச் சீட்டுகளும் அங்கே மிக மலிவு. குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே அவை செல்லும்.

நம் நாட்டு முறை இதற்கு நேர் மாறானது. இந்திய இரயில்வேயில் கட்டணம் தூரத்தைத் தழுவியது. தூரம் மிகுந்தோறும் ஒரு கிலோமீட்டருக்குரிய விலை குறைந்து செல்வது. படி படியாக வாங்கும் அரிசிக்கும் மூட்டையாக வாங்கும் அரிசிக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஆயிரம் கி.மீ. தூரத்திற்கு ஒரே சீட்டு வாங்குபவர், இருநூறு இருநூறு கி.மீ.ராக ஐந்து சீட்டு வாங்குபவரினும் குறைவாகவே செலுத்துவார். இது மட்டுமன்று. படுக்கை வசதி கொண்ட ஸ்லீப்பர் வகுப்பில் குறைந்த அளவாக 200 கி.மீ. தூரத்திற்குக் கட்டணம் கொள்ளப்படும், எழுபது கி.மீ. சென்று இறங்கினாலும் 200 கி.மீ.க்கு உரியதைக் கொடுத்தே தீர வேண்டும். குளிர்சாதனப் படுக்கை வகுப்புகளில் அவ்வரம்பு 300 கி.மீ. இவற்றோடு, ஸ்லீப்பர் வகுப்பில் முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய், அதிவிரைவு வண்டியாயின் மேலும் 30 ரூபாய் என ஒவ்வொரு சீட்டிலும் தனித்தனியே சேரும். ஒரு சீட்டை மூன்றாக்கினால் இந்த ஐம்பது ரூபாயும் மும்மடங்காகும். எனவே இங்கிலாந்து அறிவுரையை இங்கே கைக்கொள்வோர் பணத்தை மிச்சப்படுத்த எண்ணி இழப்பர்.

முன்பதிவின் பயனும் இங்கு வேறு வகையானது. சாதாரண விரைவு வண்டிகளில் முன்னரே வாங்கியதற்காக விலை குறைவதில்லை. அறுபது நாள் முன்னர் வாங்கினாலும் ஆறு நாள் முன்னர் வாங்கினாலும் கட்டணம் ஒன்றே. ஆயின், காலந்தாழ்த்தியவர்க்கு இடம் கிடைப்பதில்லை. அவர் தட்கலை நாட வேண்டியவராகிறார். ஸ்லீப்பர் வகுப்பில் தட்கலுக்காக 100 முதல் 200 ரூபாய் வரை கூடுதலாகும். உறுதியான தட்கல் சீட்டை நீக்கினால் பணம் திரும்பாது. அதனினும் விலை ஏறுவது பிரீமியம் தட்கல். ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் மட்டும், 2016 செப்டம்பர் 9 முதல், பத்து விழுக்காடு இடங்கள் விற்றுத் தீரும்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு உயரும் முறை ஓர் உச்ச வரம்புடன் வந்தது. அத்தகைய வண்டிகளில் முந்துவோர்க்கு மெய்யாகவே மலிவு உண்டு.

முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல், பயண நாள் நீங்கலாக, 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. காலை 8 மணிக்குச் சாளரம் திறக்கும். மார்ச் முதல் நாள் புறப்படுவோர், லீப் ஆண்டு அல்லாத ஆண்டில், முந்தைய டிசம்பர் 31 காலையிலேயே சீட்டு எடுக்கலாம். பஞ்சாங்கத்தில் திருவிழா நாளைக் குறித்த கையோடு இந்நாளையும் குறித்து வைப்பது நன்று. இதில் ஒரு நுட்பமும் உண்டு. நாள் எண்ணுவது வண்டி தன் தொடக்க நிலையத்தை விட்டுப் புறப்படும் தேதியைக் கொண்டே ஆகும். முதல் நாள் இரவு வேறொரு ஊரில் புறப்பட்டு மறுநாள் காலை நம் ஊருக்கு வரும் வண்டிக்கு, நாம் எண்ணுவதினும் ஒரு நாள் முன்னரே பதிவு தொடங்கிவிடும். இதை அறியாதோர் எட்டு மணிக்கு வரிசையில் நின்றும் காத்திருப்போர் பட்டியலில் இடம் பெறுகின்றனர்.

குடும்பத்தோடு செல்வோர் குழந்தைகளின் சீட்டிலும் கருத்துச் செலுத்தலாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாவிடில் சீட்டே வேண்டா. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேளாவிடில் பாதி. இம்முறை 2016 ஏப்ரல் 21 முதல் நடைமுறையில் உள்ளது. இரவுப் பயணத்தில் பாட்டியின் அருகில் உறங்கப் பழகிய பேரனுக்கு முழுச் சீட்டு எடுப்பது தேவையற்ற செலவே.

இனி, சீட்டைப் பிரிப்பது நம் நாட்டிலும் தகும் இடம் ஒன்று உண்டு. இரவில் நெடுந்தூரம் படுக்கையில் சென்று, விடிந்த பின் எஞ்சிய ஐம்பது அறுபது கி.மீ. தூரத்தைச் சாதாரணப் பாசஞ்சர் வண்டியில் உட்கார்ந்து செல்ல இயலுமாயின், பின்பகுதிக்கு முன்பதிவில்லாச் சீட்டு வாங்குவது மலிவு. திருநெல்வேலி வரை இரவு வண்டியில் வந்து திருச்செந்தூருக்குப் பகல் வண்டியில் செல்வது இவ்வகை. பெருந்தொற்றுக் காலத்தில் விரைவு வண்டிக் கட்டணத்திற்கு உயர்த்தப்பட்ட பாசஞ்சர் கட்டணம் 2024 பிப்ரவரி இறுதியில் பழைய அளவுக்குத் தாழ்ந்தது இதற்குத் துணை. இரண்டு வண்டிகளிலும் முன்பதிவு செய்வோர்க்கோ, முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறிவிடும் அச்சம் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் அவ்விரு சீட்டுகளின் பதிவு எண்களையும் இணைத்துக்கொள்ளும் வசதி வந்துள்ளது. இணைத்திருந்தால், தவறிய வண்டியின் கட்டணம் பிடித்தமின்றித் திரும்பக் கிடைக்கும். இரு சீட்டிலும் பயணிகளின் பெயர் முதலிய விவரங்கள் ஒத்திருத்தல் வேண்டும்.

சீட்டைச் சேர்த்தே வைத்துக்கொண்டு இடையில் தங்கவும் விதி இடம் தருகிறது என்பதைப் பலர் அறியார். 500 கி.மீ.க்கு மேற்பட்ட ஒற்றைப் பயணச் சீட்டில் ஒரு முறையும், 1,000 கி.மீ.க்கு மேற்பட்டதில் இரு முறையும் இடைவழியில் இறங்கித் தங்கலாம். முதல் தங்கல் புறப்பட்ட இடத்திலிருந்து 500 கி.மீ. கடந்த பின்னரே ஆகும். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக இரண்டு நாள் வரை தங்கலாம். இறங்கியவுடன் நிலைய அதிகாரியிடம் சீட்டில் குறிப்பு எழுதி வாங்க வேண்டும். ராஜதானி போன்ற வண்டிகளுக்கு இது பொருந்தாது.

இராமேசுவரத்துக் கடல் மணலைப் பிரயாகையில் திரிவேணியிற் கரைத்து, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதசுவாமிக்கு அபிடேகம் செய்விப்பது தொன்றுதொட்ட மரபு. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, 2022 டிசம்பரில் நின்றுபோன இரயில் போக்குவரத்து மீண்டதனால், இப்பயணம் மறுபடியும் இராமேசுவரத்திலேயே தொடங்கக் கூடியதாயிற்று. அங்கிருந்து காசி வரை ஒரே சீட்டு எடுப்பவர் சென்னையில் ஒரு முறையும் பிரயாகையில் ஒரு முறையும் தங்கிச் செல்லலாம். மூன்று சீட்டு வேண்டா. முன்பதிவு நிலையத்தில் சீட்டு எடுக்கும்போதே தங்கும் ஊர்களைச் சொல்லி, அப்பாலுள்ள வண்டிக்கும் இடம் பதிந்துகொள்ள வேண்டும்.

பல தலங்களைச் சுற்றி வர எண்ணுவோர்க்கு இன்னும் சிறந்தது சுற்றுப் பயணச் சீட்டு. புறப்பட்ட நிலையத்திற்கே, போன வழியே திரும்பாமல் வேறு வழியாக வந்து சேரும் பயணத்திற்கு இது வழங்கப்படும். எல்லா வகுப்புக்கும் உண்டு. எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பகுத்து, இரண்டு ஒற்றைப் பயணங்களாகக் கொண்டு கட்டணம் கணிப்பர்.

திருச்சிராப்பள்ளி அன்பர் ஒருவர் மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம், திருச்சூர், கோவை, கரூர் எனச் சுற்றித் திருச்சிக்கே திரும்புவதாகக் கொள்வோம். மீனாட்சியம்மை, நெல்லையப்பர், பதுமநாபர், வடக்குநாதர், பேரூர்ப் பட்டீசுவரர், கருவூர்ப் பசுபதீசுவரர் ஆகியோரை இவ்வழியில் தரிசிக்கலாம். சுசீந்திரமும் குமரியும் நாகர்கோவிலிலிருந்து பேருந்து வழியில் உள்ளன. மொத்தத் தூரம் ஏறத்தாழ 1,100 கி.மீ. சுற்றுச் சீட்டாயின் 550 கி.மீ. கொண்ட இரண்டு பயணங்களுக்கு உரியதே கட்டணம். இதையே எட்டுத் துண்டாக ஸ்லீப்பர் வகுப்பில் வாங்கினால், திருவனந்தபுரம்–திருச்சூர் நீங்கலாக மற்ற ஏழு துண்டும் 200 கி.மீ.க்குக் குறைந்தவை. ஏழுக்கும் 200 கி.மீ. வீதம் கட்டணம் விழும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கி.மீ. அளவே, அதற்கும் அதே விலை. ஆக, 1,100 கி.மீ. சென்றவர் ஏறத்தாழ 1,700 கி.மீ.க்குரிய பணத்தை, அதுவும் குறுந்தூரத்துக்குரிய உயர்ந்த வீதத்தில் கொடுத்தவராவார். முன்பதிவு, அதிவிரைவுக் கட்டணங்கள் சுற்றுச் சீட்டிலும் ஒவ்வொரு கட்டத்திற்கும் உண்டு; அதில் மிச்சம் இல்லை. பகல் வேளையில் முன்பதிவின்றி இரண்டாம் வகுப்பில் அமர்ந்தே எல்லாப் பகுதிகளையும் கடக்கும் உடல் வலிமை உடையார்க்கும் இதனால் வரும் ஆதாயம் சிறிதே, அவ்வகுப்பின் குறைந்த அளவு 50 கி.மீ. மட்டுமே ஆதலின்.

சில சுற்றுகளுக்கு இரயில்வே மண்டலங்களே வழியை வகுத்துக் கட்டணமும் குறித்து வைத்துள்ளன. தாமே வழி வகுப்போர் கோட்ட வணிக மேலாளருக்கோ பெரிய நிலையங்களின் மேலாளருக்கோ எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். புறப்படும் நாள், தங்கும் ஊர்கள் வரிசை முறையில், ஒவ்வோர் ஊரிலும் தங்கும் நாள்கள், வகுப்பு, உடன் வருவோரின் பெயரும் வயதும் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுக. அலுவலகம் வழித்தூரத்தைக் கணித்துத் தரும். அதைக் காட்டிச் சீட்டு வாங்கிய பின், ஒவ்வொரு கட்டத்திற்கும் முன்பதிவு செய்ய வேண்டும். பதிவு அறுபதாம் நாள் தொடங்குமாதலின், விண்ணப்பத்தை அதற்குச் சில வாரங்கள் முன்னரே கொடுத்துவிடுதல் நலம். சாளரத்தில் இருப்பவர் இச்சீட்டைப் பற்றிக் கேள்வியுற்றிராமலும் இருக்கலாம். அப்போது வாதாடி நிற்காமல் நேரே மேலாளரின் அறைக்குச் செல்க.