கதைக்கு முன்பே இருந்த பள்ளி: சார்ல்ஸ் ஷெல்டன் (1857–1946)

கான்சஸ் மாநிலத்து டொப்பீகா நகரில் 1889இல் சபைப் போதகராகப் பொறுப்பேற்ற ஷெல்டன், ஞாயிறு மாலைகளில் பிரசங்கத்துக்குப் பதிலாகத் தொடர்கதை வாசித்தார். அப்படிப் பிறந்த ‘இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்’ நாவல் (1896) எழுப்புவது ஒரே கேள்வி: இந்த நிலையில் இயேசு என்ன செய்வார்? பதிப்புரிமைக் கோளாறால் பல பதிப்பகங்கள் அதை அச்சடித்துக் குவித்தன. ஆசிரியர் கைக்கு வந்ததோ சொற்பம்.

தனிமனித மனச்சாட்சியைத் தட்டுவதோடு நாவல் நின்றுவிடுகிறது, சமூக அமைப்பைத் தொடவில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. நாவலை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. கதைமாந்தரில் பலர் வசதியானவர்கள், சாராயக்கடைதான் பெரிய எதிரி. ஆனால் ஷெல்டனை நாவலால் மட்டும் அளப்பது சரியன்று. அடிமைத்தளை அறுந்தபின் டென்னசியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் குடியேறிய, டொப்பீகாவின் டென்னசிடவுன் பகுதியில், அவர்களுடைய குழந்தைகளுக்காக 1893இலேயே மழலையர் பள்ளி தொடங்கியவர் அவர். அதுவும் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்துவைத்த தனிப்பள்ளிதானே என்று கேட்கலாம். தனிப்பள்ளிதான். அங்கே பயின்ற எலிஷா ஸ்காட் வழக்கறிஞரானார். அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கில், டொப்பீகா பெற்றோரின் வழக்கறிஞர்களுள் இருவர் ஸ்காட்டின் மகன்கள்.