தகிட தகதிமியும் பத்தொன்பது அடி ஜாஸும்

எங்க வருசநாட்டுப் பக்கம் கோயில் பொங்கலில் தப்பு அடிக்கும்போது காதில் விழுவது பெரும்பாலும் மூன்றும் நாலும்தான். அமெரிக்க ஜாஸும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது: நாலு, சில சமயம் மூன்று. ஐந்து, ஏழு, பத்தொன்பது என்று எண்ணி வாத்தியக்குழுவுக்கு எழுதுவது எப்படி? கொஞ்ச நாளாக இதைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

அடிப்படை எளிது. எந்த ஒற்றைப்படைக் கணக்கையும் இரண்டும் மூன்றுமாக உடைக்கணும். 1959-இல் டேவ் புரூபெக் குழு வெளியிட்ட 'டைம் அவுட்' தட்டில் 'டேக் ஃபைவ்' ஐந்தடிப் பாட்டு. பியானோ விடாமல் 3+2 என்று அடித்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் மேலே சாக்ஸபோன் எங்கே அலைந்தாலும் நமக்கு வழி தவறாது. அதே தட்டிலுள்ள 'புளூ ரோண்டோ அ லா டர்க்' 2+2+2+3 என்று போகும் ஒன்பது. துருக்கித் தெருவில் கேட்ட தாளம். ஆனால் தனி வாசிப்பு வந்ததும் நாலுக்குத் திரும்பிடறாங்க. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்தத் தயக்கம் இல்லாதவர் டான் எல்லிஸ். ஹரிஹர் ராவிடம் இந்தியத் தாளம் படித்து, அவரோடு சேர்ந்து 'ஹிந்துஸ்தானி ஜாஸ் செக்ஸ்டெட்' நடத்தினார். 1966-இல் மான்டரே விழாவில் தன் பெரிய குழுவை வைத்து '33 222 1 222' வாசித்தார். தலைப்பே கணக்கு. கூட்டினால் 19. நம்ம வழக்கில் சொன்னால்: தகிட தகிட தக தக தக த தக தக தக. கைதட்டிச் சொல்லிப் பாருங்க, நாலாவது சுற்றில் உடம்பே பிடித்துக்கொள்ளும். நடுவில் தனியாக நிற்கும் அந்த 'த'தான் உயிர். அதை எடுத்துவிட்டால் சாதாரண பதினெட்டு.

இங்கே ஒரு குழப்பம் வரும். சுற்றில் ஐந்து அடி இருப்பது வேறு, ஒவ்வொரு அடிக்குள்ளும் ஐந்து மாத்திரை இருப்பது வேறு. முன்னது கண்ட சாபு மாதிரி, பின்னது கண்ட நடை. கண்ட நடையில் அடி நாலாகவே இருக்கலாம். கேட்பவர் கால் தடுமாறாது, உள்ளே மட்டும் வேறு துடிப்பு ஓடும். அமைப்பாளருக்கு இது பெரிய வசதி.

நாலை விட்டே நகராமலும் ஐந்தைக் கொண்டுவரலாம். ஒரு சுற்றுக்கு 16 மாத்திரை. முதல் மாத்திரையை விட்டுவிட்டு, 'ததிகிணதொம்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று தடவை வாசியுங்கள். 1+15. அடுத்த சுற்றின் முதலடியில் பட்டென்று வந்து விழும். டிரம்பெட் வரிசைக்கு இதை எழுதி, பேஸை மட்டும் நாலிலேயே நடக்கவிட்டால் சண்டை மாதிரி கேட்கும், முடியும்போது சமாதானமாகிவிடும்.

தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயரின் 'ஹிஸ்டாரிசிட்டி' (2009) தட்டில் 'மிஸ்டிக் ப்ரூ'வைக் கேளுங்கள். ஃபிபனாச்சி விகிதத்தில் அடிகளை நீளமும் குட்டையுமாக ஆக்கியிருப்பார். முதல் தடவை எண்ண வேண்டாம், காலைத் தட்டிக்கொண்டு சும்மா கேளுங்க. இரண்டாவது தடவை எண்ணலாம்.