ஜிலேபிக்கு சொந்த ஊர்ல சிக்கல்!

ஏரி, குளம், கண்மாய்னு எங்கே தூண்டில் போட்டாலும் சட்டுனு மாட்டுற ஆள் யாரு? நம்ம ஜிலேபி மீன்தான்! 1952-ல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீரில் விட்டதுதான் தாமதம்... குடும்பம் குட்டினு பெருகி, நம்ம ஊர் மீன்களோட சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் போட்டியா நின்னுடுச்சு.

இந்த ரவுடியோட பூர்வீகம் ஆப்பிரிக்கா. மொசாம்பிக், ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா பக்கத்து ஆறுகள். அங்கே பெயர் மொசாம்பிக் திலாப்பியா. இங்கே வில்லனா வலம்வர்ற இவர், சொந்த ஊரில் ஆபத்தில் இருக்கும் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறார். நம்ப முடியுதா?

காரணம், நெருங்கிய சொந்தக்காரரான நைல் திலாப்பியா! சீக்கிரம் கொழுகொழுனு வளருவார் என்பதால், ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். பண்ணையிலிருந்து எஸ்கேப் ஆகி ஆற்றுக்குப் போனால், உள்ளூர் திலாப்பியாவோடு கலப்புத் திருமணம்தான். பிறக்கும் குஞ்சுகளும் மலடு இல்லை. நாலைந்து தலைமுறை போனால் அசல் எது, கலப்பு எதுனு கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

விக்டோரியா ஏரியில் நடந்ததைக் கேளுங்க. அங்கே மீனவர்கள் 'ங்கேகே' என்று கூப்பிடும் உள்ளூர் திலாப்பியா ஒன்று உண்டு. வலை போட்டு அள்ளியதில் ஏற்கெனவே குறைந்திருந்தது. 1950-களில் நைல் திலாப்பியாவையும் ஏரியில் விட்டார்கள். இப்போ அந்தப் பெரிய ஏரியில் ங்கேகே கிட்டத்தட்ட இல்லை. பக்கத்துக் குட்டி ஏரிகளில்தான் மிச்சம்.

துடுப்பில் இருக்கு ஜாதகம்!

இங்கேதான் ஜீனோம் கைகொடுக்குது. நகம் வெட்டுற மாதிரி மீனின் துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டிக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். துணுக்கிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து மெஷினில் கொடுத்தால், துண்டு துண்டாகப் படித்துத் தரும். அதை ஒட்டவைப்பது கம்ப்யூட்டர் வேலை.

ஒட்டவைக்க ஒரு மாதிரிப் பிரதி வேணுமே? 2014-ல் நைல் திலாப்பியா உட்பட 5 ஆப்பிரிக்க மீன்களின் ஜீனோம் 'நேச்சர்' இதழில் வெளியானது. திலாப்பியாவுக்கு மட்டும் சுமார் 100 கோடி எழுத்துகள்! அடுத்து தான்சானியா, பிரிட்டன் விஞ்ஞானிகள் கைகோத்து, உள்ளூர் திலாப்பியாக்களின் ஜீனோமையும் படித்தார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் எந்தெந்த இடத்தில் எழுத்து மாறுதுனு குறித்துக்கொண்டார்கள். அந்த இடங்களை மட்டும் சோதித்தாலே போதும்... அசலா, கலப்பானு தெரிந்துவிடும். எந்த ஏரியில் சுத்தமான இனம் மிச்சமிருக்கோ, அங்கே பண்ணை மீனை விடாமல் தடுக்கலாம்.

'நைல் மீன்தான் நல்லா வளருதே, விட்டுடலாமே'னு கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். கென்யாவின் மகாடி ஏரி, சோப்புத் தண்ணி மாதிரி காரம். அங்கே சில வெந்நீர் ஊற்றுகளில் 40 டிகிரி சூட்டிலும் ஒரு குட்டித் திலாப்பியா ஜாலியா நீந்துது! உப்பையும் சூட்டையும் தாங்குற ஜீன்கள் இப்படிப்பட்ட உள்ளூர் மீன்களிடம்தான் இருக்கு. பூமி சூடாகிக்கிட்டே போகும்போது நாளைய மீன் பண்ணைக்கு அதுதான் விதைநெல். கலந்து கரைஞ்சு போச்சுன்னா, திரும்ப வாங்க எந்தக் கடையிலும் கிடைக்காது.

விலங்கியல் ஸ்டூடன்ட்ஸ் கவனத்துக்கு: நைல் திலாப்பியாவின் ஜீனோம் 'ஜென்பேங்க்'கில் இலவசமாகவே கிடைக்குது. கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்தால் போதும், ஃபைனல் இயர் புராஜெக்ட் ரெடி!

கொசுறு: மனித ஜீனோமில் சுமார் 300 கோடி எழுத்துகள். 2021-ல் வெளியான ஆப்பிரிக்க நுரையீரல் மீனின் ஜீனோமில் சுமார் 4,000 கோடி!