தலைப்பில் இல்லாத பெயர்

“மனசு முழுக்க ஒருத்தி. அப்புறம் எதுக்கு மாமா ஏழு புருஷன்?” புத்தகத்தைப் படித்து முடித்தும் அக்கா மகளுக்குக் கோபம் தீரவில்லை. டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் 2017-இல் எழுதிய ‘தி செவன் ஹஸ்பண்ட்ஸ் ஆஃப் எவலின் ஹ்யூகோ’ நாவல். டீயை ஆற்றி அவள் பக்கம் தள்ளினேன்.

கதை தெரியாதவர்களுக்கு: 79 வயது எவலின், ஹாலிவுட்டின் பழைய கனவுக்கன்னி. அதிகம் பேர் அறியாத ஒரு பெண் நிருபரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். அவளுடைய ஏழு கல்யாணமும் ஊருக்கே மனப்பாடம். சக நடிகை செலியாமேல் இருந்த காதல்தான் யாருக்கும் தெரியாது.

“முதல்ல ஸ்டுடியோவைப் புரிஞ்சுக்கோ” என்றேன். அந்தக் காலத்தில் நடிகை என்றால் ஸ்டுடியோவோடு பல வருட ஒப்பந்தம். பெயர், தலைமுடி, யாரோடு விருந்துக்குப் போவது என்பதுவரை அவர்கள் கை நீளும். எவலினின் பெற்றோர் கியூபாக்காரர்கள். குடும்பப் பெயர் எர்ரேரா. முடிக்குப் பொன்னிறம் ஏற்றி ‘ஹ்யூகோ’ ஆக்கிவிட்டார்கள். நிஜத்திலும் நடந்ததுதான். மார்கரிட்டா கான்சினோ என்ற பெண்ணுக்கு முன்நெற்றி முடியை மின்சாரத்தால் வேரோடு எடுத்து, கருங்கூந்தலைச் செந்நிறமாக்கித்தான் ரீட்டா ஹேவொர்த் ஆக்கினார்கள்.

அதற்கு மேல் ஒப்பந்தத்தில் ‘ஒழுக்க’ ஷரத்து. 1921-இல் யுனிவர்சல் ஸ்டுடியோ கொண்டுவந்தது. ஊர் முகம் சுளித்தால் சம்பளம் நின்றுவிடும். ஒருபால் உறவோ கலிபோர்னியாவில் சட்டப்படியே குற்றம். அந்தச் சட்டத்தை நீக்கும்போது 1975 ஆகிவிட்டது.

“இப்ப மிக் ரிவா கல்யாணத்தை எடுத்துக்கோ.” எவலினையும் செலியாவையும் பற்றி ஒரு கிசுகிசு கிளம்புகிறது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று வேண்டும். எவலின் மிக் ரிவா என்ற அந்தப் பாடகனோடு லாஸ் வேகாஸ் போகிறாள். இரவில் கல்யாணம், விடிந்ததும் ரத்து. கிசுகிசு அமுங்கிவிட்டது. ஆனால் அதற்காக எவலின் எதுவரை போனாள் என்று தெரிந்ததும் செலியா பிரிந்துவிடுகிறாள். காதலைக் காக்கப் போட்ட வேலி காதலையே குத்திவிட்டது.

“இப்படியெல்லாம் நிஜமா நடக்குமா?”

ராக் ஹட்சனைச் சொன்னேன். ஆண்களை விரும்பிய அந்தக் கதாநாயகன் 1955-இல் தன் ஏஜென்ட்டின் செயலாளரான ஃபிலிஸ் கேட்ஸைக் கட்டிக்கொண்டார், 1958-இல் விவாகரத்து. தான் காதலித்தே மணந்ததாகப் பின்னாளில் அந்த அம்மாள் எழுதினார். திரை போடுவது ஒருவர். அந்தத் திரையே தன் வாழ்க்கை என்று நம்பி நிற்பது இன்னொருவர். 1985-இல் எய்ட்ஸில் சாகும்போதுதான் ஹட்சனின் ரகசியம் ஊருக்குத் தெரிந்தது.

“ஹாரி நல்லவர்தானே மாமா?”

அதனால்தான் ஏழில் அந்த ஒரு கல்யாணம் மட்டும் மனதில் நிற்கிறது. தயாரிப்பாளர் ஹாரி கேமரனுக்கும் ஓர் ஆணோடு காதல். எவலினும் ஹாரியும் ஊருக்குத் தம்பதி. செலியாவும் ஹாரியின் காதலனும் இன்னொரு தம்பதி. வாசலுக்கு வெளியே சொல்வது பொய். உள்ளே நாலு பேருக்குள் ஒளிவுமறைவே கிடையாது.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “அப்ப இந்தத் தலைப்பே பொய்யா?”

“பொய் இல்லம்மா, விளம்பரம். அந்தக் காலப் பத்திரிகை மாதிரியே நம்மளையும் புருஷன்களை எண்ண வைக்குது. எண்ணிக்கிட்டே போறோம். செலியா பேரு அதுல எங்கயும் வராது.”