வீட்டுவரிக் கழிவும் வர்க்க நலனும்: ஐக்கிய அமெரிக்காவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி ஜனாதிபதியின் ஒப்பம் பெற்ற வரிச்சட்டம், மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிச் சபைகளுக்கும் ஒருவர் செலுத்திய வரியைச் சமஷ்டி வருமானவரிக் கணக்கிற் கழித்துக்கொள்ளும் உரிமைக்கு 10,000 டொலர் என்னும் உச்ச எல்லையை விதித்தது. அதனையொட்டி எழுந்த விவாதத்தில் இரு தரப்பினரும் ஒரே சொல்லையே ஆயுதமாகக் கொண்டனர். 'வீட்டுரிமையாளர்' என்பதே அச்சொல். எல்லையை எதிர்த்தோர், வீட்டுரிமையாளர் தண்டிக்கப்படுகின்றனர் என்றனர். ஆதரித்தோர், வரி குறைந்த மாநிலத்து எளிய வீட்டுரிமையாளர் வரி கூடிய மாநிலத்துச் செல்வரின் சுமையைத் தாங்குவது அநீதி என்றனர். இலக்கிய மாணவராகிய நாம் வரியியலுட் புகுவதற்கும் அச்சொல்லே காரணம். ஒரு சொல் பல வர்க்கங்களைத் தன்னுள் அடக்கி அவற்றிடையேயுள்ள வேறுபாட்டை மறைக்கும்போது, அச்சொல்லின் பொருளை ஆராய்வது எமது துறைக்குப் புறம்பானதன்று.

முதலிற் கழிவின் இயல்பை நோக்குவோம். அமெரிக்காவில் ஆதனவரி (யாழ்ப்பாணத்தார் சோலைவரி என வழங்குவது) உள்ளூராட்சியின் முதுகெலும்பாக உள்ளது. நகரசபையின் தெருவிளக்குக்கு மட்டுமன்றிப் பாடசாலைக்கும் அதுவே பெரும் வருவாய். எம்மூர்ச் சோலைவரியின் அளவை மனத்திற்கொண்டு வாசிப்போர் திகைக்கக்கூடும்: நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரு வீட்டின் சராசரி ஆதனவரி 2024இல் ஆண்டுக்கு 10,000 டொலரைத் தாண்டியது. இதற்கு மேலாக, பெரும்பாலான மாநிலங்கள் தமக்கெனத் தனி வருமானவரியும் அறவிடுகின்றன. இவ்வாறு செலுத்திய பணம் ஒருவர் கையில் நில்லாத பணம். ஆதலின் அதனை வருமானமாகக் கொண்டு மீண்டும் வரிவிதித்தலாகாது என்பதே கழிவுக்குக் கூறப்பட்ட நியாயம். உள்நாட்டுப் போர்க் காலத்து 1862ஆம் ஆண்டு வருமானவரியிலேயே இக்கழிவு இடம்பெற்றது. 1913ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை ஏற்றுக்கொண்டது. 1980களில் ரீகன் ஆட்சி இதனை முற்றாக நீக்க முனைந்து தோல்வியுற்றது. 1986இல் விற்பனைவரிக்கான கழிவு மட்டுமே நீங்கியது, அதுவும் 2004இல் வேறு வடிவில் மீண்டது.

கையில் நில்லாத பணம் என்னும் நியாயம் தோற்றத்தில் வலுவானது. ஆயின், கழிவினால் யாருக்கு எவ்வளவு மிஞ்சுகின்றது என வினவும்போது அதன் வர்க்க உள்ளடக்கம் புலனாகின்றது. 10,000 டொலரைக் கழிப்பவர் 37 சதவீத வரிப்படியில் நிற்பாராயின் அவருக்கு மிஞ்சுவது 3,700 டொலர். 12 சதவீதப் படியில் நிற்பவருக்கு 1,200. வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ ஆதனவரிக்கென எதுவுமில்லை. அவர் செலுத்தும் வாடகைக்குள் வீட்டுச் சொந்தக்காரரின் ஆதனவரி மறைந்திருப்பினும் அதனை அவர் கழிக்க இயலாது. அரசு நேரடியாகப் பணம் வழங்கும் ஒரு திட்டமாக இதனை எழுதிப் பார்ப்போம்: செல்வருக்கு மூன்று பங்கு, தொழிலாளிக்கு ஒரு பங்கு, குடியிருப்பாளருக்கு வெறுங்கை. அத்தகையதொரு திட்டத்தை எந்தச் சட்டமன்றத்திலும் வெளிப்படையாக முன்வைத்தல் அரிது. வரிச்சட்டத்தினுள் ஒளிந்துள்ள இத்தகைய சலுகைகளுக்கு 'வரிவழிச் செலவு' எனப் பெயரிட்டு, அவற்றை அரச செலவினமாகவே கணக்கிடவேண்டும் என 1967இல் வலியுறுத்தியவர் திறைசேரியிற் பணியாற்றிய ஸ்டான்லி சறி. அவர் மார்க்சியவாதியல்லர், எனினும் முதலாளித்துவ அரசின் கணக்கேட்டை அதன் உள்ளிருந்தே திறந்துகாட்டியவர்.

பாடசாலைகளை நோக்கினால் இது மேலுந் தெளிவாகும். 1973இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்த றொட்றிகஸ் வழக்கு டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரின் இரு பாடசாலை வட்டாரங்களைப் பற்றியது. வறிய மெக்சிக்க வம்சாவளியினர் வாழ்ந்த எட்ஜ்வூட் வட்டாரம், நூறு டொலர்ப் பெறுமதிக்கு 1.05 டொலர் வீதம் வரிவிதித்தும் ஒரு மாணவருக்கு 26 டொலரையே உள்ளூரில் திரட்டமுடிந்தது. வசதிமிக்க அலமோ ஹைற்ஸ் 0.85 டொலர் வீதத்திலேயே 333 டொலரைத் திரட்டியது. கூடிய வீதம் செலுத்தியவருக்குக் குறைந்த கல்வி. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் இதனை அரசியலமைப்புக்கு மாறானதன்று என்றது. சமஷ்டிக் கழிவை இதன்மேல் வைத்துப் பார்ப்போம். செல்வ வட்டாரத்தார் தம் பிள்ளைகளின் பாடசாலைக்கென இறுத்த வரியின் ஒரு பகுதியைக் கழிவின்மூலம் மீளப்பெறுகின்றனர். வறிய வட்டாரத்தாரின் வரிப்பணமும் அதற்கு உதவுகின்றது.

இனி 2017ஆம் ஆண்டு எல்லை உண்மையில் யாரைத் தொட்டது என்பதைக் காண்போம். அமெரிக்க வரிசெலுத்துவோர் தம் செலவினங்களைத் தனித்தனியே விபரித்துக் கழிக்கலாம்; அன்றேல் 1944 முதல் நடைமுறையிலுள்ள நியமக் கழிவை மொத்தமாக ஏற்கலாம். இரண்டையும் ஒருசேரப் பெறமுடியாது. எல்லையை விதித்த அதே சட்டம், தம்பதியருக்கான நியமக் கழிவை 12,700 டொலரிலிருந்து 24,000 ஆக உயர்த்தியது. ஆசிரியத் தொழில் புரியும் தம்பதியரைக் கற்பனை செய்வோம். ஆதனவரி 9,500, மாநில வருமானவரி 4,500, வீட்டுக்கடன் வட்டி 9,000. ஆக 23,000 டொலர். பழைய சட்டத்தில் இவர்கள் விபரித்துக் கழித்தனர். புதிய சட்டத்திலோ, எல்லையே இல்லாதிருப்பினும் நியமக் கழிவே இவர்களுக்கு இலாபம். ஆகவே இவர்களை அந்த எல்லை தொடவேயில்லை. (ஆளுக்கு 4,050 டொலர் என்ற தனியாள் விலக்கு அதே சட்டத்தில் நீக்கப்பட்டமையால், நியமக் கழிவின் உயர்வு பார்வைக்குத் தோன்றுமளவு தாராளமானதன்று என்பதையும் சொல்லவேண்டும்.) விபரித்துக் கழிப்போர் தொகை பத்தில் மூவரிலிருந்து பத்தில் ஒருவர் அளவுக்கு வீழ்ந்தது. ஆசிரியத் தம்பதியரும் அவர்களது அயலில் வாடகைக்கிருக்கும் தாதியும் அவர் கணவரும் முதன்முறையாக ஒரே கழிவைப் பெற்றனர். இதனை நீதி நோக்கிய ஓர் அசைவு என மறுப்பின்றி ஏற்கலாம்.

உண்மையில் அடிபட்டோர் வேறொரு படியினர். நியூயோர்க் புறநகரிலே ஆதனவரி 18,000, மாநில வரி 15,000 செலுத்தும் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், 33,000 டொலர்க் கழிவு 10,000 ஆகக் குறைந்தது; 24 சதவீதப் படியில் இழப்பு 5,520 டொலர். இவர்களுட் பலருக்கு மாற்றுக் குறைந்தபட்ச வரி என்னும் விதி இக்கழிவை முன்னரே பறித்திருந்தமையால், புலம்பல் இழப்பிலும் பெரிதாயிருந்தது. எனினும் இவர்களுள் ஒரு சாரார் எமது அநுதாபத்துக்குரியோரே. கழிவு ஆண்டாண்டு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வீட்டின் விலையிலேயே கலந்துவிடுகின்றது. முன்னரே விற்றுச் சென்றவர் அந்த இலாபத்தை எடுத்துக்கொண்டார். உயர்ந்த விலையிற் கடன்பட்டு அண்மையில் வாங்கியவரே, சலுகை நீங்கும்போது அதன் சுமையைத் தாங்குகின்றார். எல்லையின் வடிவமும் ஒழுங்கற்றது: தனியாளுக்கும் 10,000, மணமான தம்பதியருக்கும் 10,000.

எமது பிரதான கேள்வி இதற்கப்பாலுள்ளது. எல்லை விதிக்கப்பட்டது குடியிருக்கும் வீட்டுக்கு. வாடகைக்கு விடும் வீட்டுக்கோ வணிகக் கட்டடத்துக்கோ அது விதிக்கப்படவில்லை. நூறு வீடுகளை வாடகைக்கு விடுபவர் அவற்றின் ஆதனவரி முழுவதையும் தொழிற் செலவாக இன்றும் கழிக்கின்றார். வீடு வாழ்விடமாயிருக்கும்போது எல்லை, மூலதனமாகும்போது எல்லையில்லை. இதோடு நில்லாது, பங்குடைமை நிறுவனங்களின் உறுப்பினர் தாம் செலுத்தவேண்டிய மாநில வருமானவரியை நிறுவனத்தின் பெயராற் செலுத்தி முழுமையாகக் கழிக்கும் உபாயம் ஒன்றை மாநிலங்கள் வகுத்தன. 2018இல் கனெற்றிக்கற் தொடக்கிவைத்தது; 2020 நவம்பரில் சமஷ்டி வரித் திணைக்களம் அதற்கு இசைவு தெரிவித்தது; 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்பற்றின. சட்டத்தரணிக் கூட்டு நிறுவனத்தின் பங்காளர் தப்பினார். அதே அலுவலகத்திற் சம்பளத்துக்கு வேலைசெய்யும் இளஞ்சட்டத்தரணிக்கு அவ்வழி இல்லை. சம்பளத்துக்கும் இலாபத்துக்கும் உள்ள வேறுபாட்டை வரிச்சட்டம் இவ்வளவு அப்பட்டமாக எழுதிக்காட்டும் சந்தர்ப்பங்கள் குறைவு. எல்லையினாற் சேர்ந்த வருவாய் எங்கே சென்றது என்பதற்கும் விடை அதே சட்டத்தில் உண்டு: கம்பனிகளின் வருமானவரி வீதம் 35இலிருந்து 21 சதவீதமாக இறங்கியது.

ஆகவே எல்லையை 'செல்வர்மீதான வரி' என வரவேற்றோரும், 'நடுத்தர வர்க்கத்தின்மீதான தாக்குதல்' எனச் சாடியோரும் பாதி உண்மையையே பேசினர் எனலாம். உயர் சம்பளம் பெறும் படியினரிடமிருந்து அது பணம் எடுத்தது மெய். எடுத்ததைக் கொடுத்தது அவர்களுக்கும் மேலிருந்த மூலதன உடைமையாளருக்கு. எங்கெல்ஸ் 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது, தொழிலாளியைச் சிறு வீட்டுச் சொந்தக்காரனாக்குவதால் அவன் விடுதலை பெறுவான் என்ற வாதத்தை மறுத்தார். அவ்வாதத்தின் பின்வந்த வடிவமே, சொந்த வீடென்ற ஒன்றினாலேயே சிறு உடைமையாளரும் பெரு உடைமையாளரும் ஒரு நலனுடையோர் என்னும் கருத்துநிலை.

அரசியற் கட்சிகளின் நடத்தை இக்கருத்துநிலையின் வலிமைக்குச் சான்று. உழைப்போர் சார்பெனத் தம்மைக் கூறிக்கொள்ளும் ஜனநாயகக் கட்சியினரே 2021 நவம்பரில் எல்லையை 80,000 டொலராக உயர்த்தும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றினர். பேர்னி சாண்டர்ஸ் போன்ற சிலரே இது செல்வருக்கான சலுகை என எதிர்த்தனர். அது செனற் சபையைத் தாண்டவில்லை. 2025 ஜூலையிற் குடியரசுக் கட்சியின் ஆட்சியே எல்லையை 40,000 ஆக்கியது. 2025ஆம் ஆண்டில், ஆண்டு வருமானம் 500,000 டொலரைத் தாண்டினால் அது படிப்படியாகக் குறைந்து 600,000இல் மீண்டும் 10,000 ஆனது. 2030இல் யாவருக்கும் 10,000 என்ற பழைய எல்லை திரும்பும் எனவும் சட்டம் கூறுகின்றது. பங்குடைமை நிறுவனங்களுக்கான உபாயத்தை அச்சட்டம் தொடவில்லை. வாடகை வீட்டுக்காரரின் முழுக் கழிவையும் தொடவில்லை. அவ்வீட்டிற் குடியிருப்பவர் வாடகையோடு வாடகையாக அந்த ஆதனவரியை மாதந்தோறும் செலுத்துகின்றார். அந்த ஆதனவரிக்கெனச் சட்டத்தின் 40,000 டொலரில் அவருக்குரிய பங்கு முன்போலவே பூச்சியம்.