சிமிழில் அடைத்த காப்பி

மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கீழ்ப்புறம் இறங்கிக் கடைத்தெரு வழியே நடப்பவருக்கு இரண்டு மணங்கள் எதிர்ப்படும். ஒன்று தொடுத்த மல்லிகையின் மணம். மற்றொன்று காப்பிக்கொட்டை வறுத்து அரைபடும் மணம். பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று விகிதம் சொல்லி, அரைத்த சூடு ஆறுமுன் பொட்டலத்தை வாங்கிச் செல்லும் வழக்கம் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் மூன்று தலைமுறையாக நிலைத்திருக்கிறது. இப்பொழுது அக்குடும்பங்கள் சிலவற்றின் சமையலறை மேடையில் புதிய விருந்தாளி ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது. சிறு சிமிழ் ஒன்றை உள்ளே இட்டுப் பொத்தானை அழுத்தினால் அரை நிமிஷத்தில் காப்பி தரும் இயந்திரம் அது. மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து கொணர்ந்ததாகவோ, அலுவலகத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியதாகவோ அது இருக்கும். அதனோடு எவ்வாறு வாழ்வது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

எஸ்பிரஸ்ஸோ என்ற சொல் நமக்குப் புதியதன்று. கல்யாணங்களில் நீராவிக் குழாயைப் பாலில் செருகிப் பொங்க வைத்து, மேலே சாக்லெட்டுப் பொடி தூவித் தருவதை நம் நாட்டில் பல்லாண்டுகள் அப்பெயராலேயே அழைத்து வந்தோம். இத்தாலியர் அதைக் கண்டால் திகைப்பர். அவர்கள் கூறும் எஸ்பிரஸ்ஸோ, நுண்ணிதாக அரைத்த தூளினூடே மிகுந்த அழுத்தத்துடன் வெந்நீரைச் செலுத்தி எடுக்கும் சிறு அளவுக் காப்பியாகும். 1901-ஆம் ஆண்டில் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா அதற்கான இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தூளை அளந்து, அழுத்தி, இயந்திரத்தை இயக்க நெடுநாள் கைப்பழக்கம் வேண்டும். அக்கைப்பழக்கத்தைச் சிமிழுக்குள் அடைத்துவிட முயன்றவர் எரிக் ஃபாவ்ர் என்னும் ஸ்விஸ் பொறியாளர். நெஸ்லே நிறுவனத்தில் பணியாற்றிய அவரது முறைக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது. 1986-இல் நெஸ்பிரஸ்ஸோ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனத்தின் கடை இந்தியாவில் முதன்முதலாக 2025-இல்தான் டில்லியில் திறக்கப்பட்டது. பிற நிறுவனங்களும் இத்தகைய சிமிழ்களைச் செய்கின்றன.

சிமிழினுள் இருப்பது சுமார் 5 முதல் 6 கிராம் தூள். இயந்திரத்தின் மூடியை அழுத்தியதும் முட்கள் சிமிழின் ஒரு புறத்தைத் துளைக்கின்றன. விசைக்குழாய் வெந்நீரை உள்ளே திணிக்கிறது. செல்ல வழியின்றி நீரின் அழுத்தம் ஏறுகிறது. மறுபுறத்து மெல்லிய தகடு உப்பி, எதிரேயுள்ள கூர்முனைகளில் மோதிக் கிழிகிறது. அக்கிழிசல்களின் வழியே காப்பி பீறிடுகிறது. மேலே மிதக்கும் பழுப்பு நுரை, வறுத்த கொட்டையிலுள்ள கரியமில வாயுவும் எண்ணெய்ப் பசையும் அழுத்தத்தால் கலந்து உண்டாவது. நம் பித்தளை பில்டரில் இத்தகைய வன்மை ஏதும் இல்லை. புவியீர்ப்பு ஒன்றே அங்கு வேலை செய்கிறது. நீர் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கால் மணிக்கு மேல் காத்திருந்தால் கெட்டியான டிகாக்ஷன் கிடைக்கும். ஒன்று அழுத்தத்தால் சாதிப்பதை மற்றொன்று நேரத்தால் சாதிக்கிறது எனலாம்.

இவ்வியந்திரத்தை வாங்கிய நம்மவர் பலர் முதல் வாரத்திலேயே “காப்பி நீர்த்திருக்கிறது” என்று குறை கூறுவர். குறை பெரும்பாலும் பொத்தானில் இருக்கிறது. இயந்திரத்தில் சிறு கிண்ணம், பெரு கிண்ணம் என இரண்டு அடையாளங்கள் இருக்கும். பெரிதை அழுத்தினால் அதே 5 கிராம் தூளினூடே கூடுதலாக நீர் செல்லுமேயன்றிக் காப்பி மிகுவதில்லை. கடைசியில் வருவது கசப்பு மட்டுமே. ஆதலின் சிறியதையே அழுத்தி, ஏறத்தாழ 40 மில்லி டிகாக்ஷன் எடுத்து, நன்கு சுண்டக் காய்ச்சிய பாலை அதைப்போல் இரு மடங்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். அப்பொழுதும் ஒரு வேறுபாடு தோன்றும். பெரும்பாலான சிமிழ்களில் சிக்கரி இல்லை. நாம் சிறு வயது முதல் காப்பியின் இயல்பு என்று எண்ணிய கருமையிலும் கெட்டித்தன்மையிலும் சிக்கரிக்கு உள்ள பங்கு அன்றுதான் தெரிய வரும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். எஞ்சிய 49 வரை சிக்கரியாக இருக்கலாம்.

ஒரு வகையில் சிமிழுக்கு இந்நகரத்தில் தனிச் சிறப்பு உண்டு. பம்பாய் மழைக்காலத்தில் காப்பித்தூள் நான்கு நாளில் ஈரம் ஏறிக் கட்டிபட்டு மணம் இழப்பதை நாம் அறிவோம். (மங்களூர்க் கரையில் பச்சைக் கொட்டையை வேண்டுமென்றே மழைக்காற்றில் ஊற வைத்து ‘மான்சூன்ட் மலபார்’ என்று உயர்ந்த விலைக்கு விற்கின்றனர், அது வேறு கதை.) காற்றும் ஒளியும் புகாத அலுமினியச் சிமிழுக்கு ஆடியும் தையும் ஒன்றே.

செலவைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. பத்துச் சிமிழ் கொண்ட பெட்டியில் இருப்பது சுமார் 55 கிராம் தூள். பெட்டியின் விலையை 18 ஆல் பெருக்கினால் ஒரு கிலோ தூளுக்கு நாம் என்ன தருகிறோம் என்பது விளங்கும். அத்தொகையை மாட்டுங்காக் கடையின் விலைப்பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் வாங்குவதே முறை.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். தான்ஸா, வைதர்ணா, பாட்ஸா முதலிய நீர்நிலைகளிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீர் மென்மையானது. ஆனால் செம்பூரிலும் பிற இடங்களிலும் சில கட்டடங்களில் குழாய்க்கிணற்று நீரோ லாரித் தண்ணீரோ கலப்பதுண்டு. அந்நீரிலுள்ள சுண்ணாம்பு, இயந்திரத்தின் நுண்ணிய குழல்களில் உப்பாகப் படிந்து அதைக் கொல்லும். குடிதண்ணீரையே ஊற்றி, உற்பத்தியாளர் கூறும் கால அளவில் உப்பு நீக்கும் மருந்தை ஓட்டிக் கழுவுதல் வேண்டும். பயன்பட்ட சிமிழ்கள் விழும் பெட்டியை அன்றாடம் கொட்டாவிடில், மழைக்காலத்தில் மூன்றாம் நாளே பூசணம் பூக்கும்.

அவ்வாறு கொட்டும் சிமிழ் எங்கே போகிறது? இக்கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. இந்நகரத்துக் குப்பையில் பயனுள்ளதன் பெரும்பகுதியைப் பிரிப்பவை தாராவியின் கைகள். அங்குப் ‘பதின்மூன்றாம் காம்பவுண்டு’ என வழங்கும் பகுதியில் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கின்றனர். தாராவியின் சிறு உலைகளில் பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டிகளாக்குகின்றனர். காலிச் சிமிழின் அலுமினியம் ஏறத்தாழ 1 கிராம்; அதாவது ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் சிமிழ்கள் வேண்டும். உள்ளேயுள்ள ஈரச் சக்கையோ உலோகத்தைப்போல் பல மடங்கு எடை. ஈரத்தோடு நாம் எறிந்தால், பொறுக்குபவர் சுமப்பது பெரும்பாலும் நம் சக்கையைத்தான். காசு தேறாத பொருளை அவர் விட்டுவிடுவதில் வியப்பென்ன? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகராட்சி இக்கழிவைக் கருதியே 2016-இல் அரசுப் பணத்தில் சிமிழ்க் காப்பி வாங்குவதைத் தடை செய்தது. நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. மூடித்தகட்டைக் கிழித்துச் சக்கையைத் தொட்டி மண்ணில் கலந்து, சிமிழை அலசி உலர்த்தி, ஒரு டப்பாவில் சேர்த்துப் பழைய சாமான் வாங்குபவரிடம் தரலாம். ஒரு சிமிழுக்கு அரை நிமிஷம் ஆகும். காப்பி போட மிச்சமான நேரம் அதில் செலவாகிவிடும் என்பது உண்மைதான். பல்பொருள் கலந்த பிளாஸ்டிக்குச் சிமிழுக்கு இவ்வழியும் இல்லை. அதை வாங்காமல் இருப்பதே நலம்.

எவருக்கு இவ்வியந்திரம் ஏற்றது? அலுவலகத்தில் பதின்மர் பத்து வேளையில் பருகுமிடத்தில் அது பொருந்தும். ஐவர் ஒருங்கே வந்தமரும் கூடத்தில் பொருந்தாது. ஐந்தாம் டம்ளர் நிறையுமுன் முதல் டம்ளர் ஆறிவிடும். எதிர்பாராத விருந்தினருக்குக் கைகொடுக்கும் இரண்டாம் டிகாக்ஷனும் சிமிழில் இல்லை. நான்கு பேர் கொண்ட இல்லத்துக்குப் பில்டரே போதும் என்பது நம் கருத்து.

ஆயினும் செம்பூரில் நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் நம் கருத்தை ஓரளவு அசைத்தார். எண்பது வயதைக் கடந்தவர், தனியே வாழ்பவர். விரல் மூட்டுவாதத்தால், இறுகிக்கொண்ட பில்டரின் மேற்பாத்திரத்தைத் திருகிப் பிரிக்க அவரால் இயலவில்லை. பக்கத்து வீட்டார் வரும்வரை காப்பியின்றிக் காத்திருந்த காலைகள் பல. இப்பொழுது பேத்தி வாங்கித் தந்த இயந்திரத்தில் ஒரு சிமிழ் இட்டுத் தாமே பருகுகிறார். “ருசி அவ்வளவு இல்லை, ஆனால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை” என்றார். சிமிழைக் கிழிப்பதும் அவ்விரல்களுக்கு இயலாது. அதனால் பேத்தி ஞாயிறுதோறும் வந்து, வெயிலில் காய வைத்த ஏழு சிமிழ்களையும் கரண்டிக் காம்பால் சுரண்டி, சக்கையைத் துளசித் தொட்டியில் இட்டுச் செல்கிறாள். அன்று மட்டும் பாட்டியின் வீட்டில் பில்டர் இறங்குகிறது.