செய்தி வயலுக்கு வந்து சேரும் வழி

புதிய நெல் ரகம் ஒன்று வந்திருப்பதாக முதன்முதலில் யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்கள்? அதைப் பயிரிடலாம் என்று முடிவு செய்தது எதைப் பார்த்து? கிராமக் கூட்டங்களில் இவ்விரண்டு கேள்விகளையும் நான் கேட்பதுண்டு. முதல் கேள்விக்கு வானொலி, உரக்கடை, கைப்பேசி என்று பல விடைகள் வரும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான். பக்கத்து வயலைப் பார்த்து!

இது நமது ஊர்ப் பழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் எவ்வாறு பரவியது என்பதை ரையன், கிராஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943இல் வெளியிட்டனர். விதை விற்பவர்கள் மூலமாகவே பலரும் முதலில் கேள்விப்பட்டிருந்தனர். ஆனால் துணிந்து விதைக்கச் செய்தவர்கள் அண்டை நிலத்துக்காரர்களே. முன்னோடியாக இறங்கியவர்கள்கூட முதல் ஆண்டில் நிலத்தின் ஒரு சிறு பகுதியில்தான் போட்டுப் பார்த்தனர்.

தஞ்சை மாவட்டத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. அங்கு 1960இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் ஜப்பானிய நெல்லையும் ஜி.ஈ.பி. 24 ரகத்தையும் ஒட்டி உருவாக்கப்பட்ட ஆடுதுறை 27 குறுவைப் பட்டத்திற்கென வந்தது. திருச்சி வானொலியில் அதைப்பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் ரேடியோ கொடுத்தது. எனினும் கதிர் சாய்ந்து நின்ற அண்டை வயலைக் கண்ணால் கண்ட பிறகே விதை கேட்டு அலைந்தவர்கள் பலர் என்று அப்பகுதிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே செய்தி காதில் விழும் இடம் ஒன்று, நம்பிக்கை பிறக்கும் இடம் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே செய்தி நடந்து வரும் பாதையில்தான் ஆபத்து இருக்கிறது. பொருளின் பெயர் மட்டும் பத்திரமாக வந்து சேருகிறது. அளவும், காலமும், கலக்கும் முறையும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

என் அனுபவத்தையே சொல்கிறேன். நெல் நட்ட சில வாரங்களில் இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றிப்போகும் ஒரு கிராமத்தில், ஜிங்க் சல்பேட் இடுவது குறித்துப் பேசினேன். எக்டருக்கு 25 கிலோவை 50 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன் தூவ வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டுடன் சேர்த்துக் கலக்கக்கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டுத் திருப்தியோடு திரும்பினேன். மறு பட்டத்தில் போய்ப் பார்த்தால், ஒருவர் 25 கிலோவையும் ஒரே ஏக்கரில் கொட்டியிருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்ட இன்னொருவர், ஆள் கூலி மிச்சம் என்று சூப்பர் பாஸ்பேட்டுடன் கலந்தே தூவியிருக்கிறார். நடவும் களையெடுப்பும் பார்க்கும் அம்மா ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “சார், கூட்டத்துக்கு எங்க வீட்டுக்காரர்தான் வந்தாரு. ஜிங்க் போடணும்னு மட்டும்தான் வந்து சொன்னாரு. எப்ப போடணும்னு நீங்க சொன்னீங்களா, இல்லையா?” நட்டு ஒரு மாதம் கழித்து, மஞ்சளித்த இடங்களில் மட்டும் அவர் கையால் வீசியிருந்தார்.

குற்றம் என்னுடையது. எக்டர் என்பது எங்கள் புத்தகத்தில் உள்ள கணக்கு. அந்த ஊரில் குழியும் மாவும்தான் புழக்கத்தில் இருந்தன. நூறு குழி ஒரு மா. மூன்று மா ஓர் ஏக்கர். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 10 கிலோ, மாவுக்கு மூன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் என்று சொல்லியிருந்தால் போதும். வயலில் இறங்கி வேலை செய்பவர்களையும் கூட்டத்திற்கு அழைத்திருக்க வேண்டும். ஒரு விவசாயியின் ஜிங்க் சல்பேட் வீணானது சிறிய நட்டம்தான். அதே தவறு களைக்கொல்லியில் நேர்ந்திருந்தால் பயிரே கருகியிருக்கும்.

இனி மருந்துக் கடைக்கு வருவோம். 2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பில், நவீனச் சாகுபடி பற்றி ஏதேனும் ஒரு வழியில் தகவல் பெற்றதாகக் கூறிய விவசாயக் குடும்பங்கள் நூற்றுக்கு 40 மட்டுமே. முன்னேறிய பிற விவசாயிகளிடமிருந்து பெற்றவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு. இடுபொருள் கடைக்காரரும் வானொலியும் தலா 13. விரிவாக்கப் பணியாளரிடமிருந்து பெற்றவர்கள் 6 விழுக்காட்டிற்கும் குறைவு. எங்கள் துறையினருக்கு இது பெருமை தரும் கணக்கன்று. கடை எந்நேரமும் திறந்திருக்கிறது, கடனும் கொடுக்கிறது. நாங்கள் அப்படியில்லை. கடைக்காரரைப் பழிப்பதில் பொருளில்லை. ஆயினும் அவர் தம் அலமாரியில் இருப்பதைத்தான் கொடுப்பார் என்பதை மறக்கலாகாது.

புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டவட்டமாகப் பயிர் காய்வதைக் கண்டு, காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். அந்த இலையைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. பூச்சி இருப்பது தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே. செயற்கை பைரித்திராய்டு வகை மருந்தை வாங்கி இலைமேல் அடித்தால் நன்மை செய்யும் சிலந்திகள் மடியும். புகையானோ முன்பைவிடப் பெருகிவரும். அடுத்த வயல்காரரும் அதையே வாங்கி அடிப்பார். ஆகவே முதலில் தூரை விலக்கிப் பாருங்கள். தூரின் கிளை ஒன்றுக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால் மருந்தடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் கிளைக்கு இரண்டு பூச்சிவரை பொறுக்கலாம். தண்ணீரை வடித்து, யூரியா இடுவதை நிறுத்திவிட்டு, பரிந்துரைக்கப்பட்ட மருந்தைத் தூரின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும்.

பழைய செய்திக்கும் ஆயுள் அதிகம். எண்டோசல்பான் மருந்தை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. ஆனால் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய வேளாண் புத்தகங்களில் அது இன்னும் பரிந்துரையாகவே நிற்கிறது. கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளுக்குத் தேதியே இருப்பதில்லை. எந்த ஊர், எந்த மண், எந்தப் பட்டம், எந்த ரகம் என்று கேட்டு, விடை இல்லையென்றால் முழு வயலிலும் செய்யாதீர்கள். ஒரு மூலையில் அரை மாவில் செய்து, மீதியை அப்படியே விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆலோசனை கேட்கச் செல்லும்போது நோயுற்ற செடியை வேரோடும் மண்ணோடும் பிடுங்கி, நல்ல செடி ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். நேரில் செல்ல இயலாதவர்கள் 2004இல் தொடங்கப்பட்ட கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அங்கிருப்பவர் உங்கள் வயலைப் பார்க்க முடியாது. ஆதலால் ரகத்தின் பெயர், விதைத்த நாள், நட்ட நாள், இட்ட உரம், அடித்த மருந்து, அடித்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வயல் வரப்பில் நின்று பேசுவது நல்லது. அவர் சொல்லும் அளவு ஏக்கருக்கா, எக்டருக்கா, லிட்டர் தண்ணீருக்கா என்று கேட்டு, அதே தாளில் எழுதி, திரும்ப ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுப் பிறகு தொலைபேசியை வையுங்கள்.